ரப்பர் பேண்டு போட்ட சாமான்கள்

என் வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அத்தையும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதியாக வேண்டும், எழுதிவிட்டேன், அது எவ்வளவு உண்மை என்று போகப் போக உனக்கே தெரியும். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? குளிரில் காதை மூடிக்கொண்டு போ என்றால் சிரிப்பாய், சிரித்துக்கொண்டே மூடிக்கொள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் எந்நேரமும் உன் அத்தையின் மடியில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி டெலிபோனில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவள், ரிட்டயர் ஆனாலும் கை சும்மா இருக்குமா? காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் யாருக்கு மூட்டுவலி, யார் மகளுக்கு இன்டர்வியூ, எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட வருவாள். இதை எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும், என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. அதிலாவது நான் ஜெயித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். இரண்டு மாதமாக அவள் நடவடிக்கை சரியில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் உப்பையும் சர்க்கரையும் இடம் மாற்றி வைத்து ரகளையானதே, அப்போது சர்க்கரை டப்பாவில் அவள் ரப்பர் பேண்டு போட்டாள். கை பழகியதும் அது அறுந்து விழுந்தது, மறுபடி போடவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது திடீரென்று என் பிரஷர் மாத்திரை பாட்டிலில் ஒன்று, என் கத்தரிக்கோலில் ஒன்று, இஸ்திரிப் பெட்டியின் பிடியில் இரண்டு. எல்லாம் நான் புழங்குகிற சாமான். அதோடு போனில் குசுகுசு வேறு. வெண்கலம் என்று நாம் பேர் வைத்தவளை உனக்கு நினைவிருக்கும், உன் அத்தையோடு வேலை பார்த்த நர்ஸ், படியேறும்போதே குரல் சமையலறை வரைக்கும் வருமே, அவளோடுதான். ஒரு நாள் நான் காது கொடுத்துக் கேட்டேன், தப்புதான், கேட்டேன். இடம் கிடைத்தால் உடனே சொல்லு, அண்ணிக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்கிறாள். அந்த வெண்கலம் தனிக்கட்டை, என்னோடு வந்து இருந்துவிடேன் என்று என் முன்னாலேயே இவளைக் கூப்பிட்டவள். சரி, இவள் கிளம்பப் போகிறாள், கொண்டுபோகிற சாமானுக்கெல்லாம் அடையாளம் போடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சாமான் போனால் போகட்டும். உன் அப்பா போய்ப் பதினொரு வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் நினைக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது ஒன்பது நாளும் உன் நெற்றியிலிருந்து கையை எடுக்காதவள் அவள். நீ உரக்கப் படித்துப் படித்து உன் பத்தாம் வகுப்பு அறிவியல் முழுவதும் அவளுக்கும் மனப்பாடம், பரீட்சைக்கு முதல் நாள் நீ விட்ட பாடத்தைக்கூட அவள்தானே சொன்னாள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு சண்டை போடக்கூட ஆள் கிடையாது. அந்தப் பயத்தை வெளியே காட்ட முடியுமா? ரப்பர் பேண்டை எல்லாம் கழற்றிப் போட்டேன். மறுநாள் திரும்ப இருந்தது. இதையும் கொண்டுபோ என்று ஒன்றைத் துடைப்பத்தில் மாட்டி வைத்தேன். தடவிப் பார்த்தாள், மூலையில் சாத்திவிட்டாள். பிறகு தச்சரைக் கூப்பிட்டுக் கடைசிப் படியின் விளிம்பில் சொரசொரப்பாக ஒரு பட்டை அடிக்கச் சொன்னாள். நடைவழியில் இருந்த ஸ்டூலைத் தூக்கிவிட்டாள். கைத்தடி இல்லாமல் இந்தப் படியில் ஓடியவளுக்குப் பட்டை எதற்கு? யாரோ கதவை வேறு பாதி திறந்தே வைக்கிறார்கள், என் இடது தோள் இடிபட்டுக் கன்றிப்போனது. டீ ஊற்றினால் கப்புக்கு வெளியே போகிறது, கப்பை யாரோ நகர்த்துகிறார்கள். யாராக இருக்கும்? நான் அவளைத்தான் சந்தேகப்பட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வெண்கலம் வந்து, வியாழக்கிழமைக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. எப்போது பெட்டி கட்டுகிறாய் என்று நேராகவே கேட்டுவிட்டேன். உன் அத்தை போனை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"எனக்கு எதுக்கு அண்ணி அடையாளம்? நாலு மாசமா நீங்க இடது பக்கம் இடிச்சுக்கிட்டே நடக்கிறீங்க. டம்ளரை எடுக்கிறதுக்கு முன்னாடி மேஜையைத் தடவுறீங்க. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஆயுசு பூரா நான் போடுற சத்தம் அது."

இடம் என்றது கண் டாக்டரிடம் என்னைக் காட்டுவதற்கு வரிசையில் ஓர் இடம். முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று கத்தினேன். சொன்னால் சண்டைக்கு வந்திருப்பீர்கள், டாக்டரிடம் வந்திருக்க மாட்டீர்கள் என்றாள். அதுவும் சரிதான்.

வியாழக்கிழமை போனோம், அவள் கையை நான் பிடித்திருந்தேனா, என் கையை அவள் பிடித்திருந்தாளா, சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதாம், போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் அங்கே அழவில்லை, வீட்டுக்கு வந்து அவள் மடியில் அழுதேன். சொட்டு மருந்து பாட்டிலில் இப்போது மூன்று ரப்பர் பேண்டு இருக்கிறது, நான் கழற்றவில்லை. துடைப்பத்தில் இருப்பதையும் எடுக்க விடமாட்டேன் என்கிறாள், என் கிறுக்குத்தனத்துக்கு அடையாளமாம்.

இன்னொரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. போன மாதம் போனில் என் கண்ணாடியை மாற்றச் சொல்லி மூன்று தடவை கேட்டாயே, உனக்கு ஏது அந்தத் திடீர் அக்கறை? அவள் உன்னிடம் முன்பே சொல்லிவிட்டாள், இல்லையா? திருடிகளா, இரண்டு பேரும் கூட்டு. உண்மையை ஒழுங்காக எழுது. இந்தக் கடிதத்தில் வரிகள் இவ்வளவு நேராக இருக்கிறதே என்று ஆச்சரியப்படாதே, அட்டையில் வரி வரியாகக் கீறி ஓட்டை போட்டு அவள்தான் கொடுத்தாள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள், குட்டிக்கு என் முத்தம். ஒன்றை மறக்காதே, நீ வந்தால் வந்ததும் வராததுமாய்ப் பெட்டியை நடைவழியில் போடுவாயே, அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வா. இந்த வீட்டில் தடுக்கி விழ இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் சந்தேகம் தீராத,
அம்மா