பஜார் இல்லை, பேஜாரு

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அமீருக்கு,

ஜெயவேல் எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் மரியமும் நலமாகத்தான் இருப்பீர்கள். மஸ்கட்டில் குளிரூட்டிய நூலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை? போனில் சொல்லியிருக்கலாம், நீ பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய். இதை முழுதாகக் கேள்.

கதைப்புத்தக அலமாரிகள் போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எனக்கு இன்னொரு தடவை சொன்னால்தான் ஆறும். நீ கப்பலேறாத குறையாக மஸ்கட்டுக்கு ஓடிப்போவதற்கு முந்தைய வருடம், தொழிற்சங்கத்து வாசகசாலையில் நாம் இருவரும் உட்கார்ந்து, வருகிறவர்கள் படிக்கக் கேட்டதைக் கேட்டபடியே எழுதினோம். பேராசிரியர் சுப்பராயன் நகல் வாங்கிப்போய்த் தன் பெயரில் கட்டுரையாக்கினார். அடியில் 'உதவிய நூலகர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. நமக்குப் பெயர்கூடக் கிடையாது. அந்தக் கட்டுரையையும் சந்தா கட்டினால்தான் படிக்கலாம். நாம் எழுதிக்கொடுத்ததை நாமே படிக்க முடியாது! வெளியே தெரிந்தது சுருக்கம் மட்டும்: இப்பகுதி உழைப்பாளிகள் அதிகம் கேட்பது வணிக நூல்கள்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் சங்கச் செயலாளர் பீம்ராவ் இந்த வருடம் கதைப்புத்தகங்களை மாதவரம் குடோனுக்கு அனுப்பிவிட்டு, வணிகப் பாடப் புத்தகங்களை வைப்பதென்று தீர்மானித்தார். நான் கத்தினேன். "ஆராய்ச்சியே சொல்லுது. நீ இன்னா தோழர் தனியா சொல்லிக்கினு கீற?" என்றார்.

"மூடி வச்சுக்கினு இன்னா பண்ணப் போற? தொறந்து வை" என்று அந்தக் கேள்விகளைப் பற்றி நீ பல வருடமாக நச்சரித்தாயே, போன மாதம் திறந்து வைத்தேன். நல்லெண்ணத்தில் இல்லை, வயிற்றெரிச்சலில். நம்மிடம் இருந்த கேள்விகள் அத்தனையையும், ஒரு எழுத்தும் திருத்தாமல், இணையத்தில் பொதுக் களஞ்சியம் ஒன்றில் ஏற்றினேன். யாரும் எடுக்கலாம், யாரும் சரிபார்க்கலாம். கேட்டவர்களிடம் அனுமதி வாங்கி, பெயரை நீக்க வேண்டும் என்பது முறை. காசிமேட்டு ஐஸ் குடோனில் வேலைசெய்யும் தங்கபுஷ்பம் சண்டைக்கே வந்துவிட்டார். "என் பேர ஏன் நைனா தூக்குற? நானும் படிக்கிறவதான்னு ஊருக்குத் தெரியட்டுமே!" அதுதான் முறை என்றேன். "உன் முறைய ஐஸ்ல போடு" என்றார்.

கொஞ்ச நாள் யாரும் சீந்தவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சிங்கப்பூரில் ஆய்வு செய்யும் ஜஸீமா என்ற பெண்ணிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் சுப்பராயன் கட்டுரை முழுதாகக் கிடைக்கிறது. நம் கேள்விகளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் அட்டவணையில் அதிகம் கேட்கப்பட்ட சொல் 'பஜார்'. நம் கேள்விகளில் ஒரு பஜாரும் இல்லை. எல்லாம் 'பேஜாரு'!

"பேஜாரா கீது சார், படிக்க எதுனா குடு." மனசு சலித்து வந்தவர்கள் கேட்டது. அந்த மேதாவி அதை நம் எழுத்துப்பிழை என்று நினைத்து, பஜார் என்று திருத்தி, வணிகத்தில் சேர்த்து எண்ணியிருக்கிறார். குறிப்பின் கடைசியில், "நான் வண்ணாரப்பேட்டைப் பொண்ணு சார், இந்த வார்த்தைலதான் வளர்ந்தேன்" என்று எழுதியிருந்தாள்.

வாசகசாலையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன், அமீர். பீம்ராவிடம் காட்டினேன். அவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அடப்பாவிங்களா! பேஜாருல வந்தவன் கையில கணக்குப் பதிவு புக்கைக் குடுத்தா அவன் இன்னா ஆவான்?" தீர்மானம் அன்றைக்கே ரத்து. தங்கபுஷ்பம் வந்து ஒரு பேய்க்கதையும் ஒரு சிரிப்புக்கதையும் எடுத்துப்போனார்.

சுப்பராயன் மறுப்பார், சண்டை போடலாம் என்று நல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார்செய்து வைத்திருந்தேன். ஜஸீமாவின் குறிப்பை அனுப்பினேன், மனிதர் மறுநாளே ஒப்புக்கொண்டுவிட்டார். "நீங்கள் எழுதியதுதான் சரி, நான் திருத்தியதுதான் பிழை." திருத்தக் குறிப்பு வெளியிடுகிறாராம். கட்டுரையை எல்லோரும் படிக்கத் திறந்துவிடுகிறாராம். கேள்விகளைத் திரட்டியவர்கள் என்று நம் இருவர் பெயரும் வருகிறதாம். எனக்கு எரிச்சலாகிவிட்டது. இத்தனை வருடம் ஊறவைத்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

பெயர் போட உன் சம்மதம் வேண்டும். பெருந்தன்மையாக வேண்டாம் என்று எழுதித் தொலைக்காதே. பக்கத்தில் உன் பெயர் இல்லாமல் என் பெயர் வரவேண்டியதில்லை.

மறுபடியும் கேள்விகளை எழுதப்போகிறோம். இந்தத் தடவை முதல் நாளிலிருந்தே எல்லாம் திறந்தபடி. உன் பழைய நாற்காலியில் பீம்ராவ் நாளிதழ்களை அடுக்கி வைத்திருந்தார். நேற்று அவற்றை இறக்கித் துடைத்து வைத்தேன்.

முதல் கேள்வி என்னுடையதாக இருக்கட்டும். ஒரு எழுத்தையும் திருத்தாமல் படித்துக்கொள்:

பேஜாரா கீது, தோஸ்து. ஒரு தபா வந்துட்டுப் போ.

உன்
ஜெயவேல்