ஏற்காட்டு மேகத்துக்குள் உன் பெயர்

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நெடுங்காட்டு வீட்டில் அப்பா தனியாகத்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய், குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். போன ஞாயிறு அவர் ஒன்று கேட்டார். உன்னைக் கேட்காமல் பதில் சொல்லக்கூடாத கேள்வி அது.

ஏற்காடு போனோமே, அதைப் பற்றித்தான். எழுபத்தெட்டாம் வருஷக் கோடை. நான் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். உனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்திருந்தது. காயம் ஆறிவிட்டது என்றார்கள். ஆனால் நீ சோறு இறங்காமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாய். அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார். உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

சேலத்தில் வேலையிலிருந்த அண்ணன் வந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தான். “அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேம்ப்பா. நாலு நாள் குளுந்த காத்துல இருந்துட்டு வரட்டும்.”

“மலையில என்னடா இருக்கு? கல்லும் மரமும்தானே?”

சுவர்ப் பக்கமிருந்து உன் குரல் வந்தது. “நா போறேங்க.” எத்தனை நாள் கழித்துக் கேட்ட குரல்! வாய்க்காலில் தண்ணீர் வராத மாசம், வயலிலும் வேலை இல்லை. அப்பா தன் வேட்டி சட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

மலை பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டார். வரப்பை விட உயரமான இடத்தில் நடந்து பழகாத மனுஷன். நீயோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கீழே போய்க்கொண்டே இருந்த ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

ஏரியைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி ஞாபகமிருக்கிறதா? “இந்தத் தண்ணி எந்த வயலுக்குடா பாயுது?”

“எங்கயும் பாயாதுப்பா. படகுல போகலாம், பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்.”

ஆற்றுத் தண்ணீர் கடைசியாய் வந்து சேரும் கடைமடைக்காரரால் அதை நம்பவே முடியவில்லை. நிறையத் தண்ணீர், அதற்கு ஒரு வேலையும் இல்லை! வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏரிக்கரைப் பூங்காவில் நீ செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாய். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, “இன்னுங் கொஞ்சம் வையி பாப்பா” என்றாய். அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்புறம் அவரும் அண்ணனும் படகுக்குச் சீட்டு வாங்கப் போனார்கள். நாம் இருவரும் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டே கரையோரமாக நடந்தோம்.

அப்போதுதான் மேகம் இறங்கியது. முதலில் எதிர்க்கரை மறைந்தது, பிறகு ஏரி, பிறகு ரோஜாக்கள். என் கையைப் பிடித்திருந்த உன் கை மட்டும்தான் மிச்சம்.

“பாப்பா!” என்று அப்பாவின் குரல் கேட்டது. உன்னைக் கூப்பிட வேண்டுமென்றாலும் அவர் என்னைத்தானே கூப்பிடுவார்! ஆனால் அன்று அந்த வெள்ளைக்குள் நாலைந்து பாப்பாக்கள், “என்னப்பா?” என்று குரல் கொடுத்தன. “இந்தா! இந்தாம்மா!” என்றார். அதற்கும் யார் யாரோ பதில் சொன்னார்கள்.

பிறகு,

“தையல்நாயகீ!”

அதற்கு முன்னால் அப்பா வாயில் உன் பெயரை நான் கேட்டதே இல்லை. நீயும் கேட்டதில்லை என்று உன் கை சொன்னது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் வாயைப் பொத்தினாய்.

“இரு பாப்பா. இன்னொரு தடவ கூப்புடட்டும்.”

“தையலு! ஏ தையல்நாயகீ!” இப்போது குரல் தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது. கடைசியில் அது உடைந்துபோனது. அப்போதுதான் நீ பதறினாய். “இங்கதாங்க இருக்கேன்!”

வேட்டியெல்லாம் சேறாக அப்பா வந்து நின்றார். “காதுல விழலையா உனக்கு?”

“இந்த மூட்டத்துல ஒண்ணுந் தெரியலைங்க.”

அவர் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஏறும் வரைக்கும் விடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பழையபடி “பாப்பா”தான். ஆனால் நீ சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டுவிட்டாய். “அப்பாட்ட சொல்லிப்புடாதடி” என்று அடுப்படியில் என்னிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் இன்றுவரை சொல்லவில்லை.

உன் சாவைப் பதிய கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனபோது, “இறந்தவங்க பேரு?” என்று கேட்டார்கள். அப்பா வாயைத் திறந்தார். வரவில்லை. நான்தான் சொன்னேன்.

போன ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அன்னைக்கி மலையில கூப்புட்டேனே பாப்பா, அவளுக்குக் கேக்கவே இல்லியாம்மா? காட்டுக் கத்தலா கத்துனேன். அப்பறம் ஒரு தடவகூட அப்புடிக் கூப்புடாமலே இருந்துட்டேன்.”

இதைத்தான் அவர் இத்தனை வருஷமும் மனசுக்குள் வைத்திருந்தாரா? நீ அவரிடம் சொல்லவே இல்லையா அம்மா? சொல்ல வெட்கமா?

வருகிற கோடையில் அவரை அந்த ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை அங்கே வைத்து மீறப்போகிறேன். முதல் தடவையே உனக்குக் கேட்டுவிட்டது என்று சொல்வேன். கேட்டதால்தான் பேசாமல் நின்றாய் என்றும் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கடைக்குட்டி,
பாப்பா