பதினாறு நாள்

செவ்வாய், சுங்கை பட்டாணி.

திங்கள் முதல் கவிதா வேலைக்கு வருகிறாள். வருகிறாள் என்றால், பெண்டாங்கில் அவள் வீட்டிலிருந்தே பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விற்கும் பத்தியப் பொடிக்குப் போஸ்ட் எழுதுவாள், பேஜில் கேட்பவர்களுக்குப் பதிலும் போடுவாள். "வழக்கமா கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் எழுதிக் குடுத்துடுங்க லா அக்கா, அப்படியே போட்டுடுறேன்" என்றாள்.

பாப்பா தூங்கியதும் எழுத உட்கார்ந்தேன். வேகமாகத்தான் போனது. ஆபரேஷன் பிரசவம் ஆனவர்கள் பொடியை எப்போது சாப்பிடலாம்? பதினாறு நாள் கழித்து. மூன்று வருடமாக இதைத்தான் சொல்கிறேன். ஏன் பதினாறு என்று கவிதாவிடம் யாராவது கேட்டால்? அம்மா சொன்ன கணக்குத்தான் என்று நினைத்து, பாலிங்கில் இருக்கும் அவளுக்குப் போன் போட்டேன்.

"நான் எங்கடி சொன்னேன்? உன் பேஜ்ல படிச்சுத்தானே பக்கத்து வீட்டு மருமகளுக்கே சொன்னேன்."

சிரித்துவிட்டேன். அந்த மருமகள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்க வாய் வரவில்லை.

பழைய மெசேஜ்களைத் தேடினேன். முதன்முதலில் ஒருத்தி கேட்டபோது நானே தட்டிவிட்டிருக்கிறேன். "பதினாறு நாள் போதும் சிஸ்." கூடவே ஒரு பூப்படம். பாப்பா அப்போது மடியில் இருந்திருப்பாள். வேறெதுவும் நினைவில்லை.

இன்று மாலையும் ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆபரேஷன் ஆகிப் பதினைந்தாம் நாளாம், பொடி கையில் இருக்கிறதாம், நாளைக்குக் குழம்பு வைக்கலாமா என்று. "எனக்குத் தெரியாது சிஸ். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியைக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க" என்று அனுப்பினேன். கவிதாவுக்கான தாளிலும் பதினாறை அடித்துவிட்டு அதையே எழுதினேன்.

மாலையில் கேட்டவள் என் மெசேஜைப் படித்துவிட்டதாகக் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.