பின்னறை ட்ரையரைப் பாவித்தது யார்

கார்த்திகை 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். சைக்கிளில் திரும்பி வர முழங்கால் வரை சேறு.

அக்காவும் அத்தானும் லண்டனிலிருந்து வந்து நாலாம் நாள். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். மானிப்பாயில் இது அவர்களுடைய வீடு. சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறை எனக்கு. வாடகை இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்வதுதான் வாடகை.

சூட்கேஸ் உடுப்பெல்லாம் புழுங்கல் மணமென்று அக்கா முழுவதையும் தோய்த்திருக்கிறார். பிறகு பின்னறை ட்ரையரில் போட்டாராம். போன தடவை வந்தபோது வாங்கி வைத்த, உடுப்புக் காயவைக்கிற மெசின். சுற்றுகிறது, சத்தமும் போடுகிறது. சூடு மட்டும் இல்லை. துவாயைப் பிழிந்தால் தண்ணீர்.

"நான் போகேக்கை வடிவா வேலை செய்தது, மலர்."

"ஓம் அக்கா."

"பிறகு ஆரும் போட்டவையோ?"

"இல்லை அக்கா. ஆர் போடுறது?"

ஒரு பார்வை. இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. 'ஆரும்' என்றால் வேறு யார்?

பின் விறாந்தைக் கொடியில் என் சட்டைகள் இரண்டு நாளாகக் காயவில்லை. ஈரச் சட்டையோடுதான் இன்றும் போனேன். ட்ரையர் பாவிக்கிறவள் அப்படிப் போவாளா? இதை நானாகப் போய்ச் சொன்னால் இன்னும் சந்தேகப்படுவார்.

வாங்க: நுளம்புச் சுருள், குடைக்கு ஊசி நூல், தேங்காய்.

கார்த்திகை 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. தடிமன், மூக்கு ஒழுகுகிறது.

அத்தான் காலையிலிருந்து போனில் வீடியோ பார்த்துப் பழுது பார்க்கிறார். பிளக்கைக் கழற்றிப் பூட்டினார். வேறு சொக்கட்டில் போட்டார். பிறகு மெசின் கதவடியில் இருக்கிற வலைத்தட்டை இழுத்தார். உடுப்பிலிருந்து உதிர்கிற பஞ்சு அதில்தான் சேருமாம். தடிப்பாக, கம்பளித் துண்டு மாதிரி வந்தது. அதற்குள்ளே தலைமுடி. நீளமானது, கறுப்பு.

அக்காவின் தலை கழுத்தோடு வெட்டினது. அத்தானுக்கு முடியே இல்லை. அக்கா யன்னலடியில் அதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பின்னலைப் பார்த்தார்.

"பழசாயிருக்கும்," என்றார் அத்தான்.

"நான் துப்புரவாக்கிப்போட்டுத்தான் போனனான்."

நான் தேத்தண்ணி போடப் போனேன்.

என் முடி சுருள். அது நேர் முடி. கண்ணால் பார்த்தேன். எப்படிச் சொல்வது? தலையை விரித்துக்கொண்டு போய் நிற்கவா?

பின்னேரம் அக்காவின் அலுமாரி பூட்டுகிற சத்தம். வந்த நாள் முதல் பூட்டாத அலுமாரி.

கார்த்திகை 12, புதன்

வானம் மூட்டம். மழை இல்லை.

குகன் அண்ணை வந்தார். அக்காவின் சொந்தத் தம்பி. கோண்டாவிலில் இருக்கிறார். வடைப் பொட்டலம், நிறையச் சிரிப்பு. அத்தான் ட்ரையர் கதையை எடுத்தார்.

"உது பழசு அத்தான். எறிஞ்சுபோட்டுப் புதுசொண்டு வாங்குங்கோ. திருத்தினாலும் நிக்காது."

எழும்பிப் போய் ஒருக்கால் பார்க்கக்கூட இல்லை. வாங்கி மூன்று வருஷம் ஆகாத மெசின் பழசா?

பிறகு என்னைப் பார்த்து, "வீட்டிலை இருக்கிற ஆக்கள் ஒரு கண் வைக்கவேணும் தானே, மலர்."

பாதி வடையைத் தட்டிலேயே வைத்தேன்.

அவர் போன பிறகு யோசித்தேன். இந்த வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. ஐப்பசியில் ஒருநாள் பின்னறை யன்னல் திறந்து கிடந்தது. நான்தான் மறந்தேனென்று என்னையே ஏசிக்கொண்டேன். இன்னொரு நாள் அந்த அறையில் சோப்புப் பவுடர் மணம். நான் சவர்க்காரக் கட்டிதான் பாவிக்கிறது. அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். முழங்கைக்குக் கீழே தொங்கும் பின்னல் இரண்டு பேருக்கும்.

சீ, என்ன மனம் இது. ஒரு மணத்தை வைத்துக்கொண்டு தம்பியைப் பற்றி அக்காவிடம் போய் என்ன சொல்ல? என்னைத்தான் கள்ளி என்பார்.

ஆனால் ஏன் எறியச் சொன்னார்?

கார்த்திகை 13, வியாழன்

காலையில் வெயில், பத்து மணிக்கு மறுபடி கொட்டியது.

முன்பள்ளிக்குப் பிள்ளை கூட்டிவந்த தாய் ஒருவர், மெசின் திருத்துகிற யோகன் என்பவரின் நம்பர் தந்தார். அக்காவைக் கேட்காமலே அவருக்குப் போன் எடுத்தேன். பழுது என்னவென்று தெரிந்தாலாவது என் மேலுள்ள சந்தேகம் போகும்.

பின்னேரம் மோட்டார்சைக்கிளில் வந்தார். எங்கள் பக்கக் கேற்றுக் கொளுக்கி புதிதாக வருகிற எவருக்கும் பிடிபடாது. கையை உள்ளே விட்டுக் கீழே அமுக்கவேண்டும். இவர் ஒரே தரத்தில் திறந்தார். நேரே பின்னறைக்குப் போனார். நடையில் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிற மெயின் சுவிச்சை, ஒருவரையும் கேளாமல், கை விட்டு நிற்பாட்டினார்.

எப்படித் தெரியும்? அப்போது நினைத்தேன், இவர்தானோ வந்து போனவர் என்று. பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதுகுத் தகட்டைக் கழற்றி மீற்றர் வைத்துப் பார்த்தார். சூடாக்குகிற கம்பி நல்லமாம். சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டுகிற சின்னத் துண்டுதான் போய்விட்டதாம். பிறகு யன்னலுக்குப் போகும் குழாயை இழுத்தார். தலையணைக்குள் அடைத்த மாதிரிப் பஞ்சு.

"காத்துப் போக வழியில்லை. சூடு உள்ளுக்கையே நிண்டிருக்கு. உந்தத் துண்டு வெட்டாட்டி நெருப்புப் பிடிச்சிருக்கும்."

என் கட்டில் அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம்.

"கொஞ்சம் பாவிச்சா இவ்வளவு வருமோ?" அக்கா.

"கொஞ்சமில்லை அம்மா. ஒரு குடும்பத்தின்ரை உடுப்பு. மாரி துவங்கினதிலையிருந்து போட்டிருக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். 'ஆருக்குத் தோய்ச்சுக் குடுத்தனி?' என்று கேட்கிற பார்வை. வாயால் கேட்டிருந்தால் நல்லது.

யோகன் சனிக்கிழமை துண்டு கொண்டுவருவதாகச் சொல்லிப் புறப்பட, குடையை எடுத்துக்கொண்டு கேற்றடிவரை அவர் பின்னால் போனேன்.

"நீங்கள் இந்த வீட்டுக்கு முந்தி வந்தனீங்களோ?"

மழைக்கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே நின்றார். "ரீச்சர், நான் சண்டை மூட்டி விட வரேல்லை."

"மெயின் சுவிச் ஆர் காட்டினது?"

"...குகன். ஐப்பசியிலை. நீங்கள் பள்ளிக்கூடம் போன நேரம். மகள்மாரின்ரை யூனிபோம் காயுதில்லையெண்டு இஞ்சை கொண்டுவந்து போடுறவர். சூடு விட்டு விட்டு வருதெண்டு கூப்பிட்டவர். குழாயைத் துப்புரவாக்காமல் இனிப் போடவேண்டாமெண்டு அப்பவே சொன்னனான்."

"அக்காவிட்டைச் சொல்லுவியளோ?"

"கேட்டாச் சொல்லுவன். நானாப் போய்ச் சொல்லமாட்டன்."

கார்த்திகை 14, வெள்ளி

மழை. கோயிலுக்குப் போகவில்லை.

சொன்னால் தம்பியையும் தமக்கையையும் பிரித்தவள். சொல்லாவிட்டால் கள்ளி. நாள் முழுக்க இதே. முன்பள்ளியில் ஒரு பிள்ளையின் பெயரை மாற்றிக் கூப்பிட்டேன், அது அழுதது.

அக்கா இன்று சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. மூடி வைத்திருந்தார்.

கார்த்திகை 15, சனி

யோகன் வந்து புதுத் துண்டைப் பூட்டினார். குழாயும் புதிது. சுவிச்சைப் போட, கொஞ்ச நேரத்தில் யன்னலுக்கு வெளியே சூடான காற்று. அத்தான் சின்னப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டிப் பார்த்தார்.

எல்லோரும் நிற்கும்போது கேட்டேன்.

"யோகன், இந்த மெசினை முந்தி எப்ப பாத்தனீங்கள்?"

அவர் மறைக்கவில்லை. எனக்குச் சொன்னதையே சொன்னார், மெதுவாக, கருவிகளைப் பைக்குள் வைத்தபடி. அத்தான் நிலத்தைப் பார்த்தார். அக்காவின் முகம் சிவந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அக்கா முன் அறைக்குப் போய்ப் போன் எடுத்தார். குகன் அண்ணைக்கு ஏச்சு விழுமென்று காத்திருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எட தம்பி, சொல்லியிருக்கலாமே! பிள்ளையளின்ரை உடுப்புத் தானே!"

குசினிக்கு வந்தார்.

"அவன்தான் போட்டவனாம். சரி, எங்கடை வீடு, அவன் பாவிக்காமல் ஆர் பாவிக்கிறது."

"ஓம் அக்கா."

"நீ முதலே கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கலாம் தானே, மலர். இவ்வளவும் இழுபட்டிராது." தண்ணீர் குடித்துவிட்டு, "இனிக் கிழமைக்கொருக்கா அந்தப் பஞ்சை நீ எடுத்துவிடு. அவை வந்து போடுவினம்."

அலுமாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முடியைப் பற்றியும் இல்லை.

அழவில்லை. மீன் வெட்டினேன்.

கார்த்திகை 16, ஞாயிறு

வானம் வெளித்திருக்கிறது.

முன்பள்ளியில் என்னோடு படிப்பிக்கும் சாந்தியோடு பஸ்ஸில் கோப்பாய். அவருடைய மாமியின் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. சின்னது. வாசல் தனி. பின்னால் மரக்கறித் தோட்டம், வெங்காய மணம். மாமி காது கேளாதவர். ஒன்றுமே விசாரிக்கவில்லை. அதுவே பிடித்தது. உடனே ஓம் என்றேன்.

வரும்போது பஸ்ஸில் யாரோ, "மழை இனி ரெண்டு நாளைக்கு இல்லையாம்."

கார்த்திகை 18, செவ்வாய்

கோப்பாய். புது அறை. யன்னல் சட்டத்தில் எறும்பு, மஞ்சள்தூள் போடவேண்டும். நேற்று எழுத நேரமில்லை.

இன்று காலை பெட்டியைக் கட்டிய பிறகுதான் சொன்னேன். முதலே சொன்னால் நின்றுவிடுவேனோ என்று பயம்.

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. "உதுக்கோ? நான் உன்னை ஒரு சொல் சொன்னனானோ, மலர்?"

"இல்லை அக்கா. ஒரு சொல்லும் சொல்லேல்லை."

"நாங்கள் அடுத்த கிழமை போறம். வீட்டை ஆர் பாக்கிறது?"

"குகன் அண்ணையிட்டைத் திறப்பு இருக்குத் தானே, அக்கா."

என்னுடையதை மேசையில் வைத்தேன். அத்தான் எழும்பி வந்து என் பெட்டியைத் தூக்கினார். அக்கா திறப்பைத் தொடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். போனேன்.