வெள்ளி பூசிய கண்ணாடி

லீசல் கண்ணே,

அப்பா தானே வடிவமைத்து, வருடக்கணக்காகத் தேய்த்த தொலைநோக்கிக் கண்ணாடிக்கு வெள்ளி பூசியாகிவிட்டது. நம் சாப்பாட்டு மேசையைவிட அகலம்.

திங்களன்று காலை, அது நிற்கும் கொட்டகையின் வாசலில் வழக்கம்போல் கம்பளி பின்னிக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டி கத்தியது என்று எழுந்துபோனேன். திரும்பி வந்தால் என் நாற்காலி எரிகிறது! கண்ணாடியின் போர்வையை யாரோ எடுத்திருக்கிறார்கள். அதில் பட்ட வெயில் குவிந்து நாற்காலிமேல் விழுந்திருக்கிறது.

"மூட மறந்துட்டேன் ரீனா," என்றார் அப்பா. அவருக்கு மறதி அதிகம் என்று நீயும் சொல்வாய்.

இன்று அதே இடத்தில் புது நாற்காலி போட்டிருக்கிறார். "இங்கயே உக்காரு. நம்ம கரூ பாலைவனக் குளிருக்கு வெயில் நல்லதுடி."

கொட்டகையைப் பூட்டிவிட்டேன். சாவியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். "சாவி எங்க?" என்று ஒருமுறைதான் கேட்டார்.

கேப் டவுனிலிருந்து உடனே வா. தனியாக வராதே.

உன் அம்மா