செய்தி வராவிட்டால் சிவப்பு

ஆகஸ்ட் 4

என் பெயர் திருவேங்கடம். இதை நானே எழுதினேன். கட்டைவிரலில் மை இல்லை. எனக்கு எழுத்து கற்றுத்தரும் அம்பிகா டீச்சர் தினமும் இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். இதோ, அதற்கு மேலேயே ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 9

பஸ்ஸில் திருப்பாலைவனம் போனேன். வழியில் இருந்த பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்தேன். கண்டக்டர் சொன்னான்: "தாத்தா, ஸ்டாப்பிங் சொல்றது என் வேலை. அதையாவது வுட்டு வை."

ஆகஸ்ட் 17

என் மகள் சுபஸ்ரீ எஞ்சினியர். முகத்துவாரத்தில் கம்பம் நட்டு விளக்கு வைத்திருக்கிறாள். கடலில் கிடக்கும் மிதவை அலையை அளந்து விளக்குக்குச் செய்தி அனுப்பும். பச்சை என்றால் படகு போகலாம். சிவப்பு என்றால் கூடாது. இருட்டில் அலை தெரியாதே, அதற்காக. போன வருஷம் அவள் தம்பியை அந்த முகத்துவாரத்தில்தான் அலை கொண்டுபோனது.

விளக்குக்குள் இருக்கும் புரோகிராமை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று நெட்டில் விரித்து வைத்திருக்கிறாளாம். "எதுக்குமா? திருடிக்கினு பூட மாட்டானுங்க?" என்றேன். "பாடு பிரிக்கும்போது சீட்டை எல்லார் முன்னாடியும்தானே பிரிக்கறீங்க நைனா, அதே மாதிரி" என்றாள். புரிந்தது. பாட்டை, அதாவது எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை, மூடிய கையில் முடிவு செய்தால் எங்கள் ஊரில் மண்டை உடையும்.

செப்டம்பர் 2

இன்று எழுத்து கோணல்.

இருட்டு விலகும் முன் எங்கள் ஊர் அர்ஜுனன் படகை விட்டான். கம்பத்தில் பச்சை எரிந்தது. நானும் பார்த்தேன். முகத்துவாரத்தில் அலை சுவர் மாதிரி எழுந்து படகைத் தலைகீழாக அடித்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் அவன் கால் மாட்டியது. இழுத்துக் கரையில் போட்டோம். முழங்காலுக்குக் கீழே — எழுதத் தெரியும். எழுத மாட்டேன்.

அப்போதும் பச்சைதான் எரிந்தது.

அவன் அண்ணன் துளசிங்கம் நங்கூரத்தால் அடித்தே கம்பத்தைச் சாய்த்தான். விளக்கை மிதித்துத் தூளாக்கினான். நேரே என் வீட்டுக்கு வந்தான். "வெளக்கு வெச்சாளா, கொள்ளி வெச்சாளா உம் பொண்ணு?" என்று சுபஸ்ரீயின் மயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். துடுப்பை எடுத்து அவன் வாயிலேயே போட்டேன். மூங்கில் முறிகிற சத்தம். இந்த வயசில் இன்னா அடி!

செப்டம்பர் 3

துளசிங்கத்துக்கு முன்பல் இரண்டு இல்லை. ரொம்ப சந்தோஷம்.

செப்டம்பர் 10

அர்ஜுனனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள்.

அவன் குடித்துவிட்டுப் படகு விட்டான் என்று ஊரில் பேச்சு. டீக்கடையில் நானும் அதையே சொன்னேன். வாசனை வந்ததா? வரவில்லை. ஆனாலும் சொன்னேன். மகளைக் காப்பாற்ற வேண்டாமா?

செப்டம்பர் 15

சுபஸ்ரீ சாப்பிடவில்லை. பிரேசிலில் ஒருவன், ரயில் சிக்னல் வேலை பார்க்கிறவனாம், அவள் புரோகிராமைப் படித்துவிட்டுக் கடிதம் போட்டிருக்கிறான். மிதவை அறுந்து செய்தி நின்றால், கடைசியாக எரிந்த விளக்கே எரிந்துகொண்டிருக்கும்படி ஒரு வரி இருக்கிறதாம். அன்று மிதவை அறுந்திருக்கிறது.

"என் தப்பு நைனா" என்றாள்.

இப்படிச் செய்யக் கூடாது என்று தர விதிப் புத்தகத்தில் முன்பே இருக்கிறதாம். உயிர் காக்கும் கருவிகளுக்கு என்றே எழுதிய விதிகள். படிக்கலாமே என்றேன். அது பூட்டிய புத்தகமாம். பெரிய காசு கட்டிய அவன் கம்பெனிக்குத் திறக்கும், இவளுக்குத் திறக்காது. பக்கத்தை அனுப்ப அவனுக்கு அனுமதி இல்லையாம். பொருளை மட்டும் தன் வார்த்தையில் சொல்லியிருக்கிறான்.

இன்னாடா இது? இத்தனை வருஷம் எழுத்து தெரியாமல் படிக்கவில்லை. இப்போது தெரிந்துகொண்டு வந்தால் புத்தகத்துக்குப் பூட்டா? பூட்டினவன் கிடைத்தால் அதே துடுப்பு இருக்கிறது.

செப்டம்பர் 16

"யாருக்கும் தெரியாதுமா. வுட்டுடு" என்றேன்.

"உலகத்துக்கே தெரியும் நைனா. நம்ம ஊருக்கு மட்டும்தான் தெரியாது."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலை பார்க்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 22

கோயில் முன்னால் ஊர் கூடியது. பாடு பிரிக்கிற அதே இடம். சுபஸ்ரீ புரோகிராமை வரிவரியாகத் தமிழில் எழுதிக் கொண்டுவந்தாள். அவள் படிக்கக் கூடாது என்றான் துளசிங்கம். "கெழவன் படிக்கட்டும். எழுத்து கூட்டிப் படிக்கறவனுக்குப் பொய் சொல்ல வராது." பல் இல்லாததால் காற்றாக வந்தது பேச்சு. கூட்டம் சிரித்தது.

படித்தேன். முதல் முறையாக ஊர் முன்னால். சந்தோஷமாகத்தான் தொடங்கினேன். அந்த வரி வந்தது. தாண்டிவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? சுபஸ்ரீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மி... த... வை... மிதவையிலிருந்து செய்தி வராவிட்டால், கடைசியாக எரிந்த விளக்கே எரியட்டும்.

வரி முடிந்ததும் துளசிங்கம் என் மேல் விழுந்தான். மூக்கில் குத்தினான், வயிற்றில் உதைத்தான். நான் கையைத் தூக்கவில்லை. காகிதம் முழுக்க என் ரத்தம். சுபஸ்ரீ குறுக்கே வந்தாள். அவளுக்கும் விழுந்தது.

கட்டிலில் தூக்கி வந்து வைத்திருந்த அர்ஜுனன்தான் கத்தினான்: "வுடுண்ணா! குடிகாரன்னானுங்களே என்னிய! இப்ப இன்னா சொல்றானுங்க, கேளு!"

"நானும் சொன்னேன்டா அர்ஜுனா" என்றேன். வாயிலிருந்து ரத்தமும் சேர்ந்து வந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சுபஸ்ரீயைக் கேட்டான்: "அந்த வரி எப்படி இருந்திருக்கணும்?"

"செய்தி வரலைன்னா சிவப்பு."

"எழுது. எழுதிட்டுத் திரும்ப நடு."

செப்டம்பர் 24

மூக்கு வீங்கி, எழுதும் பக்கமே சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்டோபர் 20

புதுக் கம்பம் நட்டார்கள். திருத்திய வரியையும் சுபஸ்ரீ எல்லோரும் படிக்க விரித்து வைத்துவிட்டாள். வேறு ஏதோ கடற்கரையில் ஒருவன் அதை எடுத்துக்கொண்டானாம். துளசிங்கம் நடுவதற்கு வரவில்லை. தூரத்தில் நின்று காறித் துப்பினான்.

நவம்பர் 28

விடியலில் கரைக்குப் போனேன். கடல் தட்டு மாதிரி கிடந்தது. விளக்கு சிவப்பு. மிதவையின் ஒயரை எதுவோ கடித்திருக்கிறது, செய்தி வரவில்லை. அலையே இல்லாத நாளில் படகெல்லாம் மணலில். ஊரே சுபஸ்ரீயைத் திட்டியது, என் பாட்டன் வரைக்கும் இழுத்து. இத்தனை இனிமையான வசவை நான் கேட்டதில்லை.

"உம் பொண்ணு வெளக்கு பொய் சொல்லுதுடா கெழவா!" என்று துளசிங்கம் கத்தினான். அர்ஜுனன் ஊன்றுகோலோடு மணலில் உட்கார்ந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துளசிங்கம் கம்பத்தை ஓங்கி உதைத்தான். மறுபடியும் உதைத்தான்.

படகைத் தண்ணீரில் தள்ளவில்லை.