விஜயாவின் சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயர்

ஆகஸ்ட் 16, சனி

மழை விட்டபாடில்லை. அலிப்பூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு பெஹாலா திரும்புவதற்குள் டயமண்ட் ஹார்பர் ரோடில் முழங்கால் தண்ணீர். கார் எப்படியோ வீடு வந்து சேர்ந்தது. பெருமாள் புண்ணியம்.

டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரலில் வந்த காய்ச்சல் விஜயாவின் வலது காதை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. இடது காதில் கீழ் ஸ்வரங்கள் கேட்கின்றன. மேலே போகப் போக மங்கிவிடுகிறது. இதற்கு மேல் குறையாது, அதை நினைத்து சந்தோஷப்படுங்கள் என்றார். நான் சந்தோஷப்பட்டேன். அவள் படவில்லை. காதுக்கருவி வைத்துக்கொண்டால் பேச்சு நன்றாகக் கேட்கிறது, பாட்டுதான் கேட்க முடியவில்லை. "தம்புரா தகர டப்பா மாதிரி இருக்குன்னா" என்று கழற்றி பீரோவில் வைத்தவள், யாராவது வந்தால்தான் எடுக்கிறாள்.

எங்கள் பெண் தீப்தி பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்த வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலோடு கிளாஸ் நின்றுபோயிற்று. பாடுவது காதில் விழாமல் எதைத் திருத்துவது?

ஆனால் இன்று ஒன்று நடந்தது. தண்ணீரில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தபோது சும்மா இருக்கப் பிடிக்காமல் காரில் ஒரு கச்சேரியைப் போட்டேன். கதவில் இருக்கும் ஸ்பீக்கர் பக்கம் அவள் மெல்லக் குனிந்தாள். இடது காது அந்தப் பக்கம்தானே. "ஏன்னா, இது கொஞ்சம் கேக்கறது. இன்னும் பெரிசா வைங்கோ." வைத்தேன். ஸ்பீக்கர் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

கேட்டது என்றாளே! ஏப்ரலுக்கு அப்புறம் முதல் தடவை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கார் ஸ்டீரியோ சத்தம் கூட்டினால் ஏன் கரகரக்கிறது என்று கார்டன் ரீச் ஆபீஸில் மத்தியானம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஃபைல்கள் காத்திருந்தன. காத்திருக்கட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புரிந்துகொண்டது இதுதான். காரோடு வருகிற ஸ்டீரியோவுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அடித்தொண்டையில் கத்தச் சொன்னால் குரல் உடைந்துவிடும். தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் உடையாமல் பெரிதாகக் கேட்கும். அதிலேயே ஈக்வலைசர் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும் கூட்டாமல், அவள் காதுக்கு எட்டாத மேல் ஸ்தாயியை மட்டும் தூக்கிக் கொடுக்கலாம்.

பெயர் பெற்ற கம்பெனிகளில் என் கைக்கு எட்டுகிறதில் ஈக்வலைசர் இல்லை. ஈக்வலைசர் இருப்பது என் கைக்கு எட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழுததே போதும். ஆர்வினோ என்று ஒரு கம்பெனி, விலையும் எட்டுகிறது, ஈக்வலைசரும் இருக்கிறது. யாரிந்த ஆர்வினோ? கேள்விப்பட்ட ஒரு ஆத்மா இல்லை.

ஹைதராபாதுக்குப் போன் பண்ணி தீப்தியிடம் சொன்னேன். "அப்பா, ப்ளீஸ்! நேம் கூட கேட்டதில்ல. ரெண்டு மாசத்துல கராப் ஆயிடும். நான் பணம் அனுப்பறேன், நல்ல பிராண்டா வாங்கு." அனுப்பாதே என்றேன். இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறாள். கேட்டதே நிறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தாராதலா பக்கம் சைதன்யா என்பவர் கடை. கார் ஆடியோ மட்டும்தான். நல்ல மனிதர், ஆனால் வாய் மூடாது. பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினார். மேலே இரண்டாயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறவன் ரயில்வே அக்கவுண்ட்ஸில் குப்பை கொட்ட முடியுமா? ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி ஃப்யூஸைப் பார்த்தேன். அந்த ஃப்யூஸ் தாங்குகிற கரண்டில் இரண்டாயிரத்தில் கால்வாசிகூட வராது. ஆர்வினோவை எடுத்துப் பார்த்தேன். அடக்கமான எண், அதற்குப் பொருத்தமான ஃப்யூஸ். பொய் சொல்லாத பெட்டி.

"இது ஓடுமா?" என்றேன். சைதன்யா சிரித்துக்கொண்டே பெங்காலியில் சொன்னார். "நாம் நேயி தாதா, காஜ் ஆச்சே." பேர்தான் இல்லை, வேலை செய்யும்.

ஆர்டர் கொடுத்துவிட்டேன். சரக்கு வர மூன்று வாரமாகுமாம். விஜயாவிடம் சொன்னேன். "எனக்கெதுக்குன்னா இதெல்லாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாதனா வந்திருந்தாள். விஜயாவின் மூத்த மாணவி. பாவாடை கட்டிக்கொண்டு வந்த பெண், இப்போது பேங்க் ஆபீசர். "மாமி, கிளாஸ் எப்போ ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். விஜயா காபியைக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "விஜயதசமிக்கு எல்லாரையும் வரச் சொல்லு. லேக் பக்கத்துல ஒரு டீச்சர் இருக்கா, பேசியாச்சு. அன்னிக்கே உங்களையெல்லாம் அவகிட்ட ஒப்படைச்சுடறேன்."

அந்தப் பெண் காபியை வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டது. விஜயா அழவில்லை.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. பேசியாச்சாம்! எப்போ பேசினா? வருஷா வருஷம் விஜயதசமிக்குப் புதுப் பாடம் ஆரம்பிச்சு வைக்கற பொம்மனாட்டி, அதே நாள்ல எல்லாத்தையும் தூக்கிக் குடுக்கப் போறா. அப்புறம் என்ன பண்ணுவா? ஜன்னல்ல உட்கார்ந்துண்டு தெருவைப் பார்த்துண்டிருப்பாளா? கேட்டால், "நீங்க ரிடையர் ஆகமாட்டேளா, அது மாதிரி" என்கிறாள். நான் எங்கே ரிடையர் ஆனேன்? இன்னும் வருஷம் இருக்கே.

செப்டம்பர் 20, சனி

மாட்டியாயிற்று. விஜயாவின் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், கதவுகளில் புது ஸ்பீக்கர். டிக்கியில் ஒரு பெரிய ஸ்பீக்கர் டப்பாவும், ஆஃபரில் வந்ததாம். துர்கா பூஜைக்கு முன்னால் கடையில் கூட்டமோ கூட்டம். வாசலில் வரிசையாகக் கார்கள். எல்லாருக்கும் சைதன்யா கை போகிற போக்கில் செட் பண்ணி அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கும் செட் பண்ணினார்.

வீட்டுக்கு வந்து விஜயாவைக் கீழே கூட்டிப்போய் உட்காரவைத்து, வர்ணம் போட்டேன்.

என்னத்தைச் சொல்ல! மிருதங்கம் ஒவ்வொரு அடிக்கும் கதவு அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது. பாடுகிற குரல் எங்கேயோ கிணற்றுக்குள். விஜயா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "யாரோ உள்ளே உலக்கை போடறா. நிறுத்துங்கோ." நிறுத்தினேன். "கழட்டிக் குடுத்துடுங்கோன்னா. போறும். நீங்களும் படவேண்டியதெல்லாம் பட்டாச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

தீப்தி "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை சண்டையாவது போட்டிருப்பேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளயா. விடியற்காலையில் தெரு முழுக்க ரேடியோவில் சண்டி பாராயணம். விஜயா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். எது கேட்டதோ, எது கேட்கவில்லையோ.

செப்டம்பர் 27, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

நடுவில் பெய்த மழையில் ஊரே மிதந்தது. இன்றுதான் கடைக்குப் போக முடிந்தது. விஜயாவும் வந்தாள். "கழட்டறதைப் பார்த்துட்டு வரேன், இல்லேன்னா நீங்க இன்னொண்ணை வாங்கிண்டு வருவேள்." காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். வழியெல்லாம் பந்தல் விளக்கு, ஜனம். கடை வாசலில் மூன்று கார்கள், மூன்றிலும் திம் திம்.

சைதன்யாவுக்கு நம்ப முடியவில்லை. "பேஸ் கம்மியா இருக்கா, பௌதி?" என்றார், அண்ணி முறை வைத்து. அந்தத் திம் திம் பேஸ் வேண்டவே வேண்டாம் என்று விஜயா பெங்காலியில் சொன்னதும் மனிதர் முழித்தார். பூஜைக்கு முன்னால் வருகிற ஒவ்வொருவரும் கேட்பது அது ஒன்றைத்தான். அதனால் எந்த வண்டி வந்தாலும் அதே செட்டிங்கைப் போட்டு அனுப்புவாராம். நான் யாருக்காக என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. ஃப்யூஸைப் பார்த்த புத்திசாலிக்கு அது தோன்றவில்லை!

சைதன்யா டிக்கியில் இருந்த டப்பாவின் வயரைப் பிடுங்கினார். போனில் ஈக்வலைசரைத் திறந்துகொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். "எது கேக்கல, சொல்லுங்க பௌதி."

விஜயா சொல்லிப் பார்த்தாள். மேலே என்றாள், மெல்லிசு என்றாள். அவருக்குப் புரியவில்லை. கையைக் காட்டினாள். அதுவும் புரியவில்லை. அப்புறம் பாடினாள்.

பஞ்சமத்தில் ஆரம்பித்து மேல் ஷட்ஜம் வரைக்கும், அகாரமாக. ஏப்ரலுக்கு அப்புறம் அந்தக் குரலை நான் கேட்கவில்லை. கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. ஸ்ருதி மாத்திரம் இம்மி பிசகவில்லை. "இதுதான். இந்த இடம். பாட்டுல இது வரப்போ எனக்கு வரமாட்டேங்கறது" என்று தமிழிலேயே சொன்னாள், அவருக்கு என்ன புரிந்ததோ. அவர் ஈக்வலைசரில் ஒரு கோட்டை மேலே தள்ளி வர்ணத்தைப் போட்டார். "இல்லை." மறுபடி பாடினாள். அடுத்ததைத் தள்ளினார். "ஆங்... இன்னும். ஐயோ, இது ஜாஸ்தி, வயலின் கொசு மாதிரி இருக்கு. குறைங்கோ." இப்படியே ஒவ்வொரு ஸ்வரமாக. பாதியில் கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள்.

பின்னால் காத்திருந்த கார்க்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான். அப்புறம் இறங்கி வந்து நின்று கேட்டான்.

கடைசியில் ஒருமுறை போட்டார்கள். விஜயா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் திறக்கவில்லை. முடிந்ததும் சைதன்யாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எல்லாம் கேட்டதா என்றேன். "எல்லாம் இல்லைன்னா. ஆனா பாட்டா கேட்டுது."

நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. தம்புராவுக்குப் பொட்டு, புஸ்தகங்களுக்குப் பொட்டு. காருக்கு நான் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது விஜயா வந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஆம்ப்ளிஃபயருக்கும் குங்குமம் வைத்தாள். சாயங்காலம் பாட்டுப் போடட்டுமா என்றால், "பூஜையில வெச்ச வாத்தியத்தை இன்னிக்குத் தொடப்படாது, தெரியாதா?" என்று ஒரு அதட்டல். வாத்தியமாம்! ஆர்வினோ கம்பெனிக்காரனுக்கு இந்தக் கௌரவம் தெரிய வேண்டும்.

நாளைக்குப் பசங்கள் வருகிறார்கள். லேக் டீச்சர் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பயம்தான்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. எல்லாரும் வந்தார்கள், சாதனாவோடு சின்னதும் பெரிசுமாக. முகங்களைப் பார்க்க முடியவில்லை. ஆளுக்கொரு தட்டு, வெற்றிலை பாக்கு. விடைபெற்றுக்கொள்ள வந்தவர்களாயிற்றே.

விஜயா அவர்களை உட்காரவே விடவில்லை. "சாதனா, உன் போன்ல ரெகார்ட் பண்ணுவியோ? பாடு." அவள் பாடினாள். "கீழே வாங்கோ எல்லாரும்." மொத்தக் கூட்டமும் கராஜுக்கு இறங்கியது. விஜயா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ரெகார்டிங்கைப் போட்டுக் கேட்டாள். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே பரீட்சை ரிசல்டுக்கு நிற்பதுபோல நின்றோம்.

கதவு திறந்தது. "ஏண்டி, அனுபல்லவியில காந்தாரம் தொங்கறது. ஆறு மாசம் விட்டா இப்படியா? திருப்பிப் பாடு."

சாதனா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே பாடினாள். காந்தாரம் இன்னும் மோசமாயிற்று. அதற்கும் திட்டு விழுந்தது. அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வரியாவது புதுப் பாடம் ஆயிற்று. லேக் டீச்சர் பேரை யாரும் எடுக்கவில்லை.

தெருக்கோடியில் துர்க்கையை விசர்ஜனத்துக்குக் கிளப்பினார்கள். ஊரே அதிருகிற பேஸ். இன்று அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

ரெகார்ட் பண்ணிப் போட்டுக் கேட்டால் நேரமாகிறது, பாடும்போதே கேட்க வேண்டும் என்கிறாள். சைதன்யா ஒரு மைக்கை ஸ்டீரியோவில் இணைத்துக் கொடுத்தார். காருக்குள்ளேயே வைத்துப் பாடினால் வீல் என்று ஊளையிடுகிறது. ஆகையால் பாடுகிறவர் வெளியே நாற்காலியில். டீச்சர் உள்ளே, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. தப்பு வந்தால் கண்ணாடி இறங்குகிறது, அவள் பாடிக் காட்டுகிறாள், கண்ணாடி ஏறுகிறது. உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது. மூடின கராஜில் இன்ஜினைப் போட்டு ஏசி வைக்கவும் முடியாது. ஒரு குட்டி ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். "தலை ஆட்டற ஃபேன் வேண்டாம்னா, தாளம் தப்பறது" என்கிறாள். சரி தாயே!

பெருமாளுக்கு, டாக்டருக்கு, சைதன்யாவுக்கு, கேள்விப்படாத கம்பெனிக்கு - யாருக்கென்று நன்றி சொல்வது? எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆபீஸ் கிளம்பினால் கார் உறுமக்கூட இல்லை. நேற்று முழுக்கக் கிளாஸ் நடத்தி பாட்டரியை உறிஞ்சியாயிற்று. "நீங்க பார்த்திருக்க வேண்டாமோ?" என்று என் மேல்தான் பாய்ந்தாள். நான்தான் பார்த்திருக்க வேண்டும். சார்ஜர் ஒன்று வாங்கி கராஜ் சுவரில் மாட்டினேன்.

நவம்பர் 3, திங்கள்

தாராதலா வரைக்கும் மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. நல்ல கூட்டம். அரை மணி தாமதமாக ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். கார் ரிப்பேரா என்று கேட்டார்கள்.

இல்லை, கிளாஸில் இருக்கிறது என்றேன்.